பெரியப்பாவின் ஏ-40 காரும் ஒறிஜினல் என்ற சொல்லும்

போன மார்கழியில் ஊரிலிருந்து பெரியண்ணா ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். பெரியப்பாவின் பழைய காரைத் திருத்துவதற்கு வேண்டிய சாமான்களின் பட்டியல். கொழும்பில் பழைய கார்கள் சேர்க்கும் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "எல்லாவற்றையும் ஒறிஜினலாக்கித் தந்தால் நல்ல விலைக்கு எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

பட்டியலில் இரண்டு பகுதி இருந்தது. முதலாவது, நான் இங்கிலாந்திலிருந்து வாங்கி அனுப்ப வேண்டியவை: பிறேக் சிலிண்டர் றப்பர்கள், கைகாட்டி சிக்னல் இரண்டு, கதவுக் கைபிடி, முன்பக்க நிக்கல் பட்டி. இரண்டாவது, கழட்டி எறிய வேண்டியவை: பொனற்றுக்குள் இருக்கும் செப்புக் குழாய், பின்பெட்டிக்குள் இருக்கும் மண்ணெண்ணெய்த் தாங்கி, இரண்டு பக்கமும் திருகும் பித்தளைப் பைப்.

இரண்டாவது பகுதியை வாசித்ததும் மனம் ஒரு மாதிரிப் போய்விட்டது. அந்தச் செப்புக் குழாய் ஏன் அங்கே வந்தது என்பது எங்கள் வயதுக்காரர் எல்லோருக்கும் தெரியும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆகவே இந்தப் புத்தாண்டு மலரில் அந்தக் காரைப் பற்றியும், "ஒறிஜினல்" என்ற சொல்லைப் பற்றியும் எழுதலாம் என்று நினைத்தேன். நான் தொழிற்சாலையில் இரும்போடு வேலை செய்பவன். எனக்குத் தெரிந்த வரலாறும் இரும்பு சம்பந்தப்பட்டதுதான்.

கம்பனியே மாற்றிய கார்கள்

யாழ்ப்பாணத்து வீதிகளில் நெடுங்காலம் ஓடியவை இரண்டு குடும்பத்துக் கார்கள். ஒன்று மொறிஸ், மற்றது ஓஸ்ரின். மொறிஸ் மைனர் 1948 இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். எங்கள் பெரியப்பாவிடம் இருந்தது ஓஸ்ரின் ஏ-40 சோமசெற். பேர்மிங்காம் நகரத்தின் லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் 1952 முதல் 1954 வரை செய்த கார். 1200 சிசி இஞ்சின், ஸ்ரியறிங்குக்குப் பக்கத்திலேயே கியர்த் தடி, உருண்டு திரண்ட உடம்பு. கலியாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஹயருக்குப் போன கார்.

இந்தக் கார்களில் எது ஒறிஜினல் என்று கேட்டால் கம்பனிக்காரரே தடுமாறுவார்கள். மொறிஸ் மைனரின் மாதிரிக் கார் செய்து முடிந்த பிறகு, ஒடுக்கமாக இருக்கிறது என்று இசிகோனிசுக்குத் தோன்றியது. காரை நடுவால் நீளத்துக்கு வெட்டச் செய்து, இரண்டு பாதியையும் விலக்கிப் பார்த்து, 4 அங்குலம் அகலம் கூட்டினார். அதற்குள் பம்பர்கள் செய்தாகிவிட்டது. அவற்றையும் நடுவில் வெட்டி, 4 அங்குலத் துண்டு வைத்துப் பொருத்தினார்கள். ஆகவே ஒட்டுப் போட்ட பம்பர் உள்ள கார்தான் முதலில் வந்த, சுத்தமான ஒறிஜினல்!

பிறகும் மாற்றம் நிற்கவில்லை. 1948 இல் 918 சிசி இஞ்சின். 1952 இல் மொறிசும் ஓஸ்ரினும் ஒரே கம்பனியாகச் சேர்ந்த பிறகு, ஓஸ்ரினின் 803 சிசி இஞ்சினை மொறிசுக்குள் வைத்தார்கள். 1956 இல் 948 சிசி. அதோடு இரண்டு துண்டாக இருந்த முன் கண்ணாடி ஒரே கண்ணாடியானது. 1961 இல் கைகாட்டி போய் மின்னும் சிக்னல் வந்தது. 1962 இல் 1098 சிசி. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது 16 இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் வெளியே வந்திருந்தன. கம்பனி மாற்றினால் அது முன்னேற்றம், நாங்கள் மாற்றினால் அது பழுது என்று சொல்வது எவ்வளவு சரி என்று யோசிக்க வேண்டும்.

ஏன் ஊரில் பழைய கார்கள் தங்கின

1960களில் இலங்கை அரசாங்கம் அந்நியச் செலாவணி இல்லையென்று கார் இறக்குமதியை இறுக்கியது. புதுக் கார் வராத நாட்டில் பழைய காரைச் சாகவிட ஏலாது. அப்படித்தான் எங்கள் கராஜ்காரர்கள் கெட்டிக்காரர் ஆனார்கள். இல்லாத சாமானைக் கடைச்சல் பட்டறையில் கடைந்தார்கள். லொறிச் சாமானைக் காருக்குப் பொருத்தினார்கள்.

பெரியப்பா 1974 இல் அந்தக் காரைக் கைமாற்றாக வாங்கினார். அதன் நம்பர் தகட்டில் இருந்தது ஆங்கில எழுத்து. 1957 இல் சிங்கள ஸ்ரீ எழுத்து வாகனங்களுக்கு வந்ததும், அதற்கெதிராகத் தமிழர் பகுதிகளில் தார் பூசும் போராட்டம் நடந்ததும், 1958 கலவரமும் மூத்தவர்களுக்குத் தெரியும். ஸ்ரீ வருவதற்கு முதல் பதிந்த கார் என்பதில் பெரியப்பாவுக்கு ஒரு பெருமை. "இந்தத் தகட்டை மட்டும் ஒருத்தரும் மாத்தக் கூடாது" என்பார். ஆகவே அவரும் ஒறிஜினல் பார்த்தவர்தான். எதை மாற்றக்கூடாது என்பதில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது.

மண்ணெண்ணெய்க் காலம்

1990 ஆனியில் மீண்டும் சண்டை தொடங்கியது. வடக்குக்குப் பெற்றோல் வருவது நின்றது. வேறு கனக்கப் பொருட்களும் நின்றன. களவாக வந்த பெற்றோலைச் சின்னப் போத்தல்களில் அளந்து, பொன் விலைக்கு விற்றார்கள். மண்ணெண்ணெயும் தட்டுப்பாடுதான், ஆனாலும் அது கிடைத்தது. அப்போதுதான் எங்கள் கராஜ்காரர்கள் பெற்றோல் இஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட வைத்தார்கள்.

இது எப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பெற்றோல் குளிரிலும் ஆவியாகும், உடனே பற்றும். மண்ணெண்ணெய் சூடு ஏறினால்தான் ஆவியாகும். ஆகவே கொஞ்சம் பெற்றோலில் காரை ஸ்ரார்ட் பண்ணி, இஞ்சின் சூடாகும் மட்டும் விடுவார்கள். பிறகு பித்தளைப் பைப்பை மற்றப் பக்கம் திருப்பினால் மண்ணெண்ணெய் வரும். அந்த மண்ணெண்ணெய், புகை வெளியேறும் சூடான இரும்பைச் சுற்றி வளைத்த செப்புக் குழாய்க்குள்ளால் ஓடி, சூடாகித்தான் காபரேற்றருக்குப் போகும். அதுதான் அண்ணாவின் பட்டியலில் இருக்கும் செப்புக் குழாய்.

இதிலே இன்னொரு விசயம் இருக்கிறது. மண்ணெண்ணெயை அதிகம் அமுக்கினால் அது நேரத்துக்கு முந்தி வெடித்து இஞ்சின் இடிக்கும். புதிய கார் இஞ்சின்கள் வாயுவைப் பத்து மடங்கு வரை, சில அதற்கும் மேல், அமுக்குகின்றன. ஏ-40 அமுக்குவது ஏழு மடங்கும் சொச்சமும்தான். அதனால் பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் பிந்தவிட்டால் அது மண்ணெண்ணெயைத் தாங்கும். புதிய யப்பான் கார்கள் கொட்டிலுக்குள் நிற்க, கிழட்டு ஏ-40 உம் மொறிஸ் மைனரும் வீதியில் ஓடியதற்குக் காரணம் இதுதான்.

தீமையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழே வழிந்து இஞ்சின் ஒயிலோடு கலந்து அதைத் தண்ணீராக்கிவிடும். ஒயிலை அடிக்கடி மாற்றாவிட்டால் இஞ்சின் தேய்ந்துபோகும். ஒயிலுக்கும் தட்டுப்பாடு. வீதி முழுவதும் புகை. அந்த மணம் இப்போதும் என் மூக்கில் நிற்கிறது.

நான் இங்கிலாந்துக்கு வந்த பிறகுதான் ஒன்றை அறிந்தேன். கொவென்றியில் செய்த பேர்குசன் உழவு இயந்திரத்தில், 1949 இலிருந்து கம்பனியே இந்த முறையைப் போட்டு விற்றிருக்கிறது. பெற்றோலில் ஸ்ரார்ட், சூடான பிறகு மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெய். இரண்டு தாங்கி, நடுவில் ஒரு பைப். அச்சாக எங்கள் பெரியப்பாவின் கார். அந்த உழவு இயந்திரத்தில் இருந்தால் அது ஒறிஜினல், எங்கள் காரில் இருந்தால் கழட்டி எறிய வேண்டியது!

1995 ஐப்பசி 30

அன்றிரவு வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டது. எனக்கு எட்டு வயது. நடக்க ஏலாத அப்பம்மா, பெரியம்மா, சின்னப் பிள்ளைகள் ஐந்துபேர், அரிசிச் சாக்கு, இவ்வளவும் காருக்குள். அப்பாவும் அண்ணாவும் சைக்கிளில். மழை. நாவற்குழிப் பக்கம் போகும் வீதியில் இலட்சக்கணக்கான சனம், அடிமேல் அடிவைத்துத்தான் நகரலாம்.

பெரியப்பாவிடம் இருந்தது ஒரு சின்னப் போத்தல் பெற்றோல். இரண்டு அல்லது மூன்று தடவை ஸ்ரார்ட் பண்ணக் காணும். இஞ்சினை நிற்பாட்டினால் பெற்றோல் வேண்டும். நிற்பாட்டாமல் நின்ற இடத்தில் ஓடவிட்டால் தண்ணீர் கொதிக்கும். செம்மணி வெளியில் தண்ணீர் கொதித்தே விட்டது. நிற்பாட்டினார். பிறகு ஸ்ரார்ட் பண்ணவில்லை. அப்பா, அண்ணா, முன்பின் தெரியாத ஆட்கள் எல்லோரும் சேர்ந்து காரைத் தள்ளினார்கள். பெரியப்பா மழைக்குள் கதவுக்கு வெளியே நடந்துகொண்டே ஸ்ரியறிங்கைப் பிடித்தார். பாலம் தாண்டிச் சனம் கொஞ்சம் விலகிய பிறகுதான் போத்தலைத் திறந்தார். விடியக் கைதடிக்குப் போய்ச் சேர்ந்தோம். அப்பம்மா உயிரோடு இருந்தா.

1996 இல் திரும்பி வந்தோம். 2002 இல் ஏ-9 பாதை திறந்து பெற்றோல் வந்தது. பெரியப்பா பெற்றோலுக்கு மாறினார், ஆனால் குழாயைக் கழட்டவில்லை. "திரும்பவும் தேவைப்படும்" என்றார். நாங்கள் சிரித்தோம். 2006 ஆவணியில் பாதை மீண்டும் மூடியபோது ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் 2013 இல் காலமானார். கார் கொட்டிலுக்குள் நின்றது. 2022 இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது அண்ணா அந்தப் பைப்பைப் போய்ப் பார்த்தாராம். ஆனால் அந்தமுறை மண்ணெண்ணெயும் இல்லை.

இங்கே நடக்கும் வழக்கு

இங்கிலாந்திலே பழைய கார் வைத்திருப்பவர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சி, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும் என்கிறது. மற்றக் கட்சி, இந்தக் காலத்து வீதியில் ஓட வேண்டுமானால் மாற்றத்தான் வேண்டும் என்கிறது. டிஸ்க் பிறேக் போடுகிறார்கள், டைனமோவை எடுத்துவிட்டு ஓல்ரனேற்றர் போடுகிறார்கள், வேறு கம்பனியின் கியர்ப்பெட்டி போடுகிறார்கள்.

இந்தப் பிரச்சினை கோட்டுக்கும் போயிருக்கிறது. "ஓல்ட் நம்பர் வண்" என்று பேர்பெற்ற ஒரு பென்ற்லி கார். 1929 இலும் 1930 இலும் பிரான்சின் லீ மான்ஸ் 24 மணிநேர ஓட்டத்தில் வென்றது. பிறகு அதற்குப் பெரிய இஞ்சின் போட்டார்கள். 1932 இல் புறூக்லண்ட்ஸ் ஓட்டத்தில் அது விபத்துக்குள்ளாகி, ஓட்டிய கிளைவ் டன்பீ இறந்தார். அதன் பிறகு வேறு உடம்பு கட்டினார்கள். பல வருடம் கழித்து ஒரு கோடி பவுணுக்கு விற்பனை பேசி, வாங்க வந்தவர்கள் "இது அந்தக் காரே இல்லை" என்று பின்வாங்கினார்கள். 1990 இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஒற்றன் தீர்ப்புச் சொன்னார். 1929 இல் ஓடிய காரின் பாகங்கள் மிகக் கொஞ்சமே அதில் மிஞ்சியிருந்தன. ஆனாலும் அந்தக் கார் ஒருநாளும் அழிந்து இன்னொன்றாகிப் போகவில்லை, படிப்படியாக மாறி வந்த ஒரே கார்தான், அந்தப் பேர் அதற்கே உரியது என்பது தீர்ப்பின் சாரம்.

எங்கள் ஊரில் இதற்குக் கோடு தேவையில்லை. அப்பாவின் மண்வெட்டிக்குப் பிடி மாற்றுவோம். தகடு தேய்ந்தால் தகடும் மாற்றுவோம். ஆனாலும் அது அப்பாவின் மண்வெட்டிதான்.

இங்குள்ள வாகனப் பதிவுத் திணைக்களம் நெடுங்காலம் ஒரு புள்ளிக் கணக்குக் கையாண்டது. பெருமளவில் மாற்றிய வாகனம் பழைய நம்பரை வைத்திருக்க 8 புள்ளி வேண்டும். உடம்புக்கு 5. ஸ்பிரிங் வகைக்கு 2, அச்சுக்கு 2, கியர்ப்பெட்டிக்கு 2, ஸ்ரியறிங்குக்கு 2. இஞ்சினுக்கு 1 புள்ளி மட்டும். காரின் இருதயம் என்று நாங்கள் நினைப்பதற்கு ஆகக் குறைந்த மதிப்பு!

பழைய வாகனங்களுக்கான உலக சம்மேளனமும் 2012 இல் ரூறின் சாசனம் என்று ஒன்றை வெளியிட்டது. பழைய கட்டிடங்களைப் பாதுகாக்க 1964 இல் எழுதிய வெனிஸ் சாசனத்தைப் பின்பற்றியது. காரை ஓடவிட வேண்டும், ஓடாமல் பூட்டி வைப்பது நல்லதல்ல. மாற்ற வேண்டி வந்தால் திரும்பப் பழையபடி ஆக்கக்கூடிய விதத்தில் மாற்று. கழட்டிய சாமானைக் காரோடு வைத்திரு. செய்ததை எழுதி வை. அதன் சாரத்தை நான் இப்படித்தான் விளங்கிக் கொண்டேன்.

என்னோடு இரவு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் 1959 மொறிஸ் மைனர் இருக்கிறது. டிஸ்க் பிறேக் என்ற பேச்சே அவருக்குப் பிடிக்காது. ஆனால் இந்த நாட்டில் 1999 முடிவோடு ஈயம் கலந்த பெற்றோல் பொது விற்பனையில் நின்றது. ஈயம் இல்லாவிட்டால் பழைய இஞ்சினின் வால்வு இருக்கைகள் தேயும். ஆகவே இஞ்சின் மண்டையைக் கழட்டி, கடினமான உலோக வளையங்கள் போட்டிருக்கிறார். "வெளியில் தெரியாதுதானே" என்றார். பிறகு பேத்தி பிறந்தா. சீற் பெல்ற் இல்லாமல் செய்த காரில் 3 வயதுக்குக் குறைந்த பிள்ளையை ஏற்றக்கூடாது என்பது இங்குள்ள சட்டம். மனிசன் இரண்டு மாதம் யோசித்துவிட்டு, 1959 ஆம் ஆண்டுத் தகட்டில் துளை போட்டு பெல்ற் பூட்டினார். பேத்தியை விடக் கார் பெரிதில்லை.

அவர் சொன்ன இன்னொரு செய்தி. 1990களில் இங்குள்ள மொறிஸ் மைனர்களுக்கு வேண்டிய தகடுகளை இலங்கையிலே செய்வித்து இங்கே கொண்டுவந்து விற்றார்களாம். இங்கே ஒறிஜினலாக மினுங்கும் சில மொறிசுகளின் உடம்பில் எங்கள் நாட்டுத் தொழிலாளியின் கைவேலை இருக்கிறது.

அண்ணாவுக்கு நான் சொன்னது

கொழும்பு ஆளையும் பிழை சொல்ல மாட்டேன். எல்லோரும் தங்கள் பாட்டுக்கு மாற்றிக்கொண்டு போனால், 1953 இல் லோங்பிறிட்ஜ் தொழிலாளி செய்தது எப்படி இருந்தது என்று காட்ட ஒரு காரும் மிஞ்சாது. ஆனால் அப்படிக் காட்டுவதற்குத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே பேணிய சோமசெற் இந்த நாட்டில் இருக்கிறது. மண்ணெண்ணெயில் ஓடி, செம்மணி வெளியில் தள்ளுப்பட்டு வந்த சோமசெற் எத்தனை மிஞ்சியிருக்கும்?

நான் தொலைபேசியில் இதைச் சொன்னபோது அண்ணாவுக்குக் கோபம் வந்தது. "நீ அங்க இருந்து சொல்லுறாய். மழை வந்தா கொட்டிலுக்குத் தகரம் போடுறது நான். அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் செய்ய வேணும், அதுக்குத்தான் விக்கிறன்" என்றார். அவர் சொன்னதும் நியாயம். தூரத்தில் இருப்பவர்களுக்கு ஊரில் ஒன்றும் மாறக்கூடாது. அங்கே இருப்பவர்கள்தான் அதோடு சீவிக்க வேண்டும். இது காருக்கு மட்டும் பொருந்தும் கதை இல்லை என்பது வாசகர்களுக்கு விளங்கும்.

பெரியம்மாவிடம் கேட்டோம். "விக்கிறதெண்டா வில்லுங்கோ. அவர் செய்ததைக் கழட்டிப்போட்டு விக்காதேங்கோ" என்றா.

கடைசியில் இப்படி முடிவு செய்தோம். பிறேக்கும் ஸ்ரியறிங்கும் வயரும் புதிதாக, பாதுகாப்பாகச் செய்வது. உயிர் சம்பந்தப்பட்டதில் ஒறிஜினல் பார்ப்பதில்லை. கைகாட்டி சிக்னலைத் திருத்துவது, ஆனால் பின்னால் வரும் பஸ்காரனுக்குத் தெரிய மின்னும் விளக்கும் போடுவது. இஞ்சின் பெற்றோலில் ஓடும். செப்புக் குழாயும் தாங்கியும் பைப்பும் இணைப்பு விட்டபடி, இருந்த இடத்திலேயே இருக்கும். எந்த வருடம் என்ன மாற்றினது, ஏன் மாற்றினது என்று ஒரு கொப்பியில் எழுதிக் காரோடு வைப்பது. கண் ஒப்பரேசன் காசை வெளிநாட்டிலிருக்கும் நாங்கள் நாலுபேர் பிரித்துக் கொள்வது. கொழும்பு ஆளிடம், குழாயோடு எடுத்தால் எடுக்கலாம் என்று சொல்லியாகிவிட்டது. விலை குறைத்துக் கேட்கிறார். விற்பதா என்பது இன்னும் முடிவில்லை.

மாசி மாதம் பிறேக் றப்பர்களையும் கைகாட்டிகளையும் பார்சலில் அனுப்பினேன். அதற்குள் ஒரு தடித்த கொப்பியும் வைத்தேன். முதல் பக்கத்தில் எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன்: "1990. பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெய்க்கு மாற்றினது." மிச்சத்தைப் பெரியம்மா சொல்லச் சொல்ல அண்ணா எழுதுகிறார். இதுவரை பதினொரு பக்கம் வந்திருக்கிறதாம்.

உங்கள் வீடுகளிலும் இப்படி ஏதாவது இருக்கும். ஒரு தையல் மெசின், ஒரு சைக்கிள், சைக்கிள் டைனமோவில் பாட்டுக் கேட்ட றேடியோ. அதில் யார் எதை ஏன் மாற்றினார்கள் என்பதைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

அனைவருக்கும் எனது சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.